‘இனி ஒண்டும் செய்யேலாது’ என்ற பிறகு வாட்டில் நடப்பவை

யாழ்ப்பாணத்தில் ஒரு நோயாளியின் நிலைமையைச் சொல்ல மூன்று வசனம் போதும். ‘டொக்டர் கையை விரிச்சிட்டார்.’ ‘இனி ஒண்டும் செய்யேலாதாம்.’ ‘துண்டு வெட்டி வீட்டை கொண்டு போகச் சொல்லிட்டினம்.’ இதைக் கேட்டதும் ஊர் அடுத்த வேலையைத் தொடங்கிவிடும். ஒருவர் வெளிநாட்டுக்குப் போன் எடுப்பார், இன்னொருவர் முற்றத்தைக் கூட்டத் தொடங்குவார்.

நான் இருபத்தெட்டு வருடம் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். ‘மிஸ்ஸி’ என்று கூப்பிட்டுப் பழகிய சனம் இப்போதும் சந்தையில் கண்டால் அப்படியே கூப்பிடுகிறது. கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் என்னைப் பிடித்துவைத்துக் கேட்கும் கேள்விகளில் பாதி இந்த மூன்று வசனங்களைச் சுற்றியே வரும். மோர்பின் போட்டுத்தானே ஆளை முடித்தார்கள்? சேலைனை ஏன் கழற்றினார்கள்? அந்த மிஸ்ஸி நல்ல மனிசி, மற்றவ ஏன் அப்படி எரிந்து விழுந்தா?

எல்லோருக்கும் படலையில் நின்று பதில் சொல்லி முடியாது. அதனால் எழுதுகிறேன். மருத்துவம் படிக்காதவர்களுக்காக எழுதுவது என்பதால் மருந்தின் அளவுகளும் ஊசிகளின் பெயர்களும் இங்கே வராது.

ஒழுகும் கூரை

மாரி காலம், நடுச்சாமம், கூரை ஒழுகுகிறது என்று வையுங்கள். அந்த நேரத்தில் கூரையைப் பிரித்து மேய முடியாது. மழையை நிறுத்தவும் முடியாது. அதற்காக வீட்டுக்காரி நனைந்துகொண்டா படுத்திருப்பாள்? ஒழுகும் இடத்தில் சட்டி வைப்பாள். பாயை இழுத்து மறுபக்கம் போடுவாள். பிள்ளையின் தலையைத் துவட்டி, அரிசிச் சாக்கைத் தூக்கி மேசையில் வைப்பாள். விடியும்வரை நாலு தரம் எழும்பிச் சட்டித் தண்ணீரை ஊற்றிவிட்டு வருவாள். அந்த இரவில் அந்த வீட்டில் மிகக் கூடுதலாக வேலை செய்தவள் அவள்தான்.

ஆஸ்பத்திரியில் ‘செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்று வைத்தியர் சொன்னால், கூரை மேய வழியில்லை என்று மட்டுமே அதற்கு அர்த்தம். அதாவது நோயைக் குணமாக்க மருந்தில்லை. சட்டி வைக்கும் வேலை, பாய் மாற்றும் வேலை எல்லாம் அப்போதுதான் தொடங்குகின்றன. நோவு, மூச்சுத்திணறல், வாந்தி, வாய் உலர்வு, பயம், நித்திரையின்மை ஒவ்வொன்றுக்கும் செய்யக் கூடியது ஏதோ ஒன்று இருக்கிறது. அதில் பெரும்பகுதி தாதியின் கையால் நடப்பது.

என் அபிப்பிராயத்தில் ‘ஒண்டும் செய்யேலாது’ என்ற வசனத்தையே வாட்டில் தடை செய்ய வேண்டும். ‘குணமாக்கேலாது, ஆனால் நோகாமல் பார்க்கலாம்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்?

இந்த வேலைக்கு ஒரு பெயர்

இந்த வேலைக்குத் தமிழில் வழங்கும் பெயர் நோய்த்தணிப்புப் பராமரிப்பு. குணமாகாத நோயுள்ளவரின் அவதியைக் குறைத்து, இருக்கும் நாட்களை அவர் விரும்பும் விதத்தில் வாழ உதவும் மருத்துவம் அது. பெயரில் எனக்குப் பிடித்தது ‘தணிப்பு’ என்ற சொல்தான். அடுப்பை அணைப்பது வேறு, தணிப்பது வேறு என்பது சமைக்கிற எவருக்கும் தெரியும்.

இதை ஒரு துறையாக ஆக்கியவர் சிசிலி சோண்டர்ஸ் என்ற ஆங்கிலப் பெண். முதலில் தாதியாகப் பயின்றார். பின்னர் ஆஸ்பத்திரிச் சமூகசேவையாளரானார். கடைசியில் வைத்தியப் படிப்பும் படித்து முடித்து, 1967 இல் லண்டனில் செயின்ற் கிறிஸ்டோபர்ஸ் என்ற இல்லத்தைத் தொடங்கினார். அவர் தந்த எண்ணம் ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும்: முழுவேதனை. சாகக் கிடப்பவரின் வேதனை உடம்பில் மட்டும் இருப்பதில்லை. மனதிலும், குடும்பத்திலும், காசிலும், கடவுளோடு உள்ள கணக்கிலும் அது இருக்கிறது. ஒன்று மற்றதைப் பெருக்கும். சீதனம் கொடுக்காத மகளை நினைத்துக் கிடக்கும் தகப்பனுக்கு அதே முதுகு நோவு இரட்டிப்பாக நோகும்.

இது புற்றுநோய்க்கு மட்டும் உரியது என்றும் நினைக்கிறார்கள். அந்த நினைப்பு வரக் காரணம் உண்டு. தேசிய புற்றுநோய் ஆஸ்பத்திரி கொழும்புக்குக் கிட்ட மகரகமவில் இருப்பதால், அந்த ஊர்ப் பெயரே ஒரு காலத்தில் எங்கள் சனத்துக்குப் புற்றுநோயின் மறுபெயராக இருந்தது. பிறகு 2011 இல் நாட்டின் தெற்கு முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கு முனையான பருத்தித்துறை வரை நடந்து பணம் சேர்த்துத் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை எழுப்பினார்கள். எனவே ‘தணிப்பு’ என்றதும் தெல்லிப்பழை ஞாபகம் வருகிறது. ஆனால் இருதயம் தளர்ந்து கால் வீங்கிக் கிடப்பவருக்கும், சிறுநீரகம் பழுதானவருக்கும், பாரிசவாதத்தில் விழுந்து எழும்பாத ஆச்சிக்கும் இதே பராமரிப்பு வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுதோறும் 56.8 மில்லியன் பேருக்கு இது தேவைப்படுகிறது. கிடைப்பதோ நூற்றுக்கு 14 பேர் அளவில்.

கடைசி மூச்சுக்கு இரண்டு நாள் முன்னர்தான் இது தொடங்க வேண்டும் என்பதும் தவறு. நுரையீரல் புற்றுநோய் முற்றிய 151 பேரை வைத்து அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஒரு ஆய்வு செய்து 2010 இல் வெளியிட்டார்கள். சிகிச்சையோடு சேர்த்து ஆரம்பத்திலேயே தணிப்புப் பராமரிப்பும் பெற்றவர்கள் மற்றவர்களைவிட நிம்மதியாக இருந்தார்கள். அதோடு சராசரியாக இரண்டரை மாதத்துக்குச் சற்று மேல் கூடுதலாக உயிரோடும் இருந்தார்கள்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: குணமாக்குவது ஒரு வேலை, தணிப்பது இன்னொரு வேலை. முதலாவது நின்றாலும் இரண்டாவது நிற்பதில்லை. இரண்டும் ஒன்றாகவும் நடக்கலாம்.

கனிவுக்கும் செய்முறை உண்டு

இப்போது ‘நல்ல மிஸ்ஸி’ விஷயத்துக்கு வருவோம். கனிவு என்றால் மெல்லிய குரல், சிரித்த முகம், ‘என்ன அப்பு, எப்படி இருக்கிறியள்’ என்று ஒரு கேள்வி. இப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன், ஒரு இரவு வரும்வரை.

வேலைக்கு வந்து இரண்டாம் வருடம். தோட்டக்காரர் ஒருவர், எழுபது வயதிருக்கும், ஈரலில் புற்றுநோய். இரவு பத்து மணிக்குமேல் அமைதியிழந்தார். விரிப்பைப் பிடுங்கினார், காலை மடக்கி நீட்டினார், எழும்பி ஓடப் பார்த்தார். பேச்சு தெளிவில்லை. ‘சாவுப் பயம் வந்திட்டுது’ என்றாள் மகள். நான் கட்டிலோரம் கதிரையைப் போட்டுத் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் தடவியிருப்பேன். மகள் என்னைக் கும்பிட்டாள்.

பிறகு அடுத்த வாட்டிலிருந்து மூத்த தாதி ஒருவர் எட்டிப் பார்த்தார். சிடுமூஞ்சி என்று பெயர் எடுத்தவர். போர்வையை விலக்கி அடிவயிற்றில் கையை வைத்து அமர்த்தினார். தேங்காய் மாதிரிக் கல்லாக இருந்தது. ‘எப்ப கடைசியாய் சலம் போனவர்?’ என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மத்தியானத்திலிருந்து ஒருவரும் கேட்கவில்லை. குழாய் வைத்ததும் ஒரு பை நிறைய வந்தது. மனிசர் கால் மணித்தியாலத்தில் நித்திரையானார்.

தலையைத் தடவினவள் நான். கனிவாக நடந்தவர் அந்த அம்மா. இந்த வித்தியாசம் விளங்க எனக்கு ஒரு இரவும் ஒரு மனிதரின் மூன்று மணி நேர அவதியும் தேவைப்பட்டன.

வேலையாகப் பார்த்தால் கனிவில் நாலு படி உண்டு. முதலாவது காண்பது: முகம் சுளிக்கிறதா, கை எதையாவது பொத்திப் பிடிக்கிறதா, காலையில் இருந்த ஆள்தானா இது. இரண்டாவது ஏன் என்று விசாரிப்பது: அவரிடம், முடியாவிட்டால் வீட்டாரிடம், அதுவும் முடியாவிட்டால் உடம்பிடம். மூன்றாவது செய்வது. நாலாவது படியைத்தான் நாங்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். செய்தது சரிவந்ததா என்று அரை மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்து பார்ப்பது அது. மருந்து கொடுத்துவிட்டுத் திரும்பி வராத தாதி, சட்டியை வைத்துவிட்டு அது நிரம்பி வழிவதைப் பார்க்காத வீட்டுக்காரி மாதிரி.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதும் இதில் அடங்கும். ஒரே பக்கம் கிடந்தால் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோல் நசுங்கும், அந்த இடத்துக்கு இரத்தம் போகாது, தசை அழுகும். இதற்குப் பெயர் படுக்கைப் புண். அது வராமல் பார்ப்பதை யாரும் கனிவு என்று சொல்லிப் பாராட்ட மாட்டார்கள். வராத புண்ணைக் கண்டவர் யார்?

முகமும் குரலும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1999 இல் ஒரு ஆய்வு வந்தது. வைத்தியர் ஒருவர் மார்புப் புற்றுநோயாளியிடம் சிகிச்சையை விளக்கும் வீடியோவை இரண்டு விதமாக எடுத்தார்கள். ஒன்றில் மட்டும் ஆறுதலான சில வார்த்தைகள் கூடுதலாக இருந்தன, மொத்தம் 40 செக்கன். அதைப் பார்த்த பெண்களின் பதற்றம் மற்றவர்களுடையதைவிடக் குறைந்திருந்தது. ‘எங்கே நேரம்?’ என்று சொல்லும் என் பழைய சகபாடிகளுக்கு நான் இந்த 40 செக்கனைத்தான் சொல்லுவேன். அதேநேரம் ஒரு தாதி முப்பது கட்டிலுக்கு ஓடும் இரவில், 40 செக்கன் என்பது முப்பதால் பெருக்க வேண்டிய கணக்கு என்பதும் எனக்குத் தெரியும்.

நோவுக்கு எத்தனை பெயர்

‘நோகுதா அம்மா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்பார்கள். ‘உளையுதா?’ என்று கேட்டால் ‘ஓம் பிள்ளை, இரா முழுக்க’ என்பார்கள். எங்கள் ஊர் ஆச்சிமாருக்கு இரண்டும் ஒன்றில்லை. நோவு, உளைவு, குத்து, எரிவு, கடுப்பு, விறைப்பு, வயிற்றுப் பிசைவு என்று ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். வைத்தியர் ‘வலி’ என்று புத்தகத் தமிழில் கேட்டால் பாதி பேர் விளங்காத மாதிரிப் பார்ப்பார்கள்.

மொழி ஆர்வத்தில் இதைச் சொல்லவில்லை. சொல் மாறினால் மருந்தும் மாறும். எலும்புக்குள் உளைகிறது என்றால் ஒரு வகை மருந்து. நெருப்பு மாதிரி எரிகிறது, கரண்ட் அடிக்கிற மாதிரி ஓடுகிறது என்றால் நரம்பே பழுதாகியிருக்கலாம், அதற்கு வேறு மருந்து. வயிறு விட்டுவிட்டுப் பிசைகிறது என்றால் குடல் இறுகுகிறது, அதற்கு இன்னொன்று. மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டில் மருத்துவம் நடத்திய சாமுவேல் பிஸ்க் கிறீன் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்து, நூல்களையும் தமிழாக்கினார். இன்றைய தாதிய மாணவிகளுக்குக் குறைந்தது இந்த ஏழு சொல்லையாவது படிப்பிக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

எவ்வளவு நோகிறது என்று அறிய 0 இலிருந்து 10 வரை இலக்கம் கேட்பது வழக்கம். 0 என்றால் நோவே இல்லை, 10 என்றால் நினைத்துப் பார்க்கக் கூடிய ஆகப் பெரிய நோவு. படித்தவர்கள் டக்கென்று சொல்லிவிடுவார்கள். மற்றவர்களிடம் நான் ‘பத்து ரூபாவில் எத்தனை ரூபா நோவு?’ என்று கேட்பேன். ஒரு கிழவர் ‘இப்ப பத்து ரூபாய்க்கு என்ன மகள் வருது, நூறு ரூபாயில கேள்’ என்றார். சரி, நூறில் எண்பது என்று எழுதிக்கொண்டேன்.

மோர்பினும் தோட்டத்து இறைப்பும்

மோர்பின் என்பது அபினிலிருந்து எடுக்கும் நோக்கொல்லி. மூளையிலும் முள்ளந்தண்டிலும் நோவுச் செய்தியைக் கடத்தும் இடங்களில் சின்னச் சின்னப் பூட்டுகள் உண்டு. மோர்பின் அந்தப் பூட்டுக்குப் பொருந்தும் திறப்பு. அது போய்ப் பொருந்தியதும் செய்தியின் சத்தம் குறைகிறது. புற்றுநோயின் கடும் நோவுக்கு இதைக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 1986 இல் வெளியிட்ட மூன்று படி வழிகாட்டியிலேயே சொல்லிவிட்டது. சாதாரண நோவுக்கு பரசிற்றமோல் போன்றவை முதற்படி. கடும் நோவுக்கு மோர்பின் மூன்றாம் படி.

வெங்காயத் தோட்டத்துக்கு எப்படி இறைக்கிறோம்? பயிர் வாடித் தலை சாய்ந்த பிறகா? முறை வைத்து இறைக்கிறோம். வாட விட்டு இறைத்தால் இரட்டிப்புத் தண்ணீர் போகும், பயிரும் தேறாது. நோவும் அப்படித்தான். வாயால் கொடுக்கும் சாதாரண மோர்பின் ஏறத்தாழ 4 மணித்தியாலம் வேலை செய்யும். அது முடிவதற்குள் அடுத்தது போனால் நோவு தலைதூக்காது. ‘நொந்தால் கூப்பிடுங்கோ’ என்று விட்டால், நோயாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, அழும்போது கூப்பிடுவார். அப்போது கூடுதல் மருந்து வேண்டும், வேலை செய்யவும் நேரமெடுக்கும். எங்கள் சனத்துக்குப் பொறுத்துக்கொள்வது ஒரு பெருமை. அந்தப் பெருமையை வாட்டில் மட்டும் கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும்.

‘மோர்பின் போட்டார்கள், அடுத்த நாள் முடிந்தார்’ என்பது நான் மிகக் கூடுதலாகக் கேட்ட கதை. குடை விரித்ததால் மழை வந்தது என்று சொல்வது போன்றது அது. எங்களிடம் மோர்பினைக் கடைசி நாள் வரை ஒத்திப்போடுகிறார்கள், கடைசி நாளில் கொடுத்தால் அடுத்த நாள் சாவு வரத்தானே செய்யும். அளவு மிஞ்சினால் மூச்சு மந்தமாகும் என்பது உண்மை. ஆனால் அது திடீரென்று நடப்பதில்லை. முதலில் எழுப்ப முடியாத தூக்கம் வரும். அதனால்தான் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுகிறார்கள். தாதி வந்து ‘ஐயா, கண்ணைத் திறவுங்கோ’ என்று எழுப்பிப் பார்ப்பது தொந்தரவுக்கல்ல, இதைக் கவனிக்கத்தான்.

அடிமையாகிவிடுவாரா? நாள்கணக்கில் எடுத்தால் உடம்பு பழகும், நிறுத்துவதானால் மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். நோவுக்காக எடுப்பவருக்கு போதைக்காக அலைபவரின் வெறி வருவது அரிது. நிச்சயம் வருவது வேறொன்று: மலச்சிக்கல். மோர்பின் குடலையும் மந்தமாக்கும். அதனால் மலமிளக்கியும் சேர்த்து எழுதுவார்கள், எழுதாவிட்டால் கேளுங்கள்.

இது கருணைக்கொலை இல்லையா என்று கேட்பவர்களுக்கு: இலங்கைச் சட்டத்தில் கருணைக்கொலைக்கு இடமில்லை. அங்கே உயிரை முடிப்பதே நோக்கம். இங்கே நோவை முடிப்பது நோக்கம், நோவு அடங்கும் அளவோடு மருந்தும் நின்றுவிடும்.

சாப்பாடு இறங்கவில்லை

தாய்மாருக்கு ஆகக் கஷ்டமான இடம் இது. ‘ஒரு வாய் கஞ்சியாவது’ என்று கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அணையும் அடுப்பில் விறகைத் திணித்தால் புகைதான் வரும். கடைசி நாட்களில் உடம்பு தன் வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. சமிபாடு முதலில் நிற்பவற்றில் ஒன்று. பசியும் அதோடு போய்விடும். சாப்பிடாததால் அவர் சாகவில்லை. சாகப் போவதால் சாப்பாடு தேவைப்படவில்லை. திணித்தால் வாந்தி வரும், இல்லாவிட்டால் மூச்சுக்குழாய்க்குள் போய் நெஞ்சு அடைக்கும்.

சேலைன் சத்து ஏற்றும் என்பது ஊரெல்லாம் உள்ள நம்பிக்கை. சாதாரண சேலைன் ஒரு லீற்றரில் இருப்பது 9 கிராம் உப்பும் தண்ணீரும். ஒரு இளநீரில் உள்ள சத்துக்கூட அதில் இல்லை. சிலருக்கு, சில நிலைமைகளில், அதனால் பயன் உண்டு. வைத்தியர் பார்த்துச் சொல்வார். ஆனால் இருதயமும் சிறுநீரகமும் தளர்ந்த உடம்பில் அந்தத் தண்ணீர் போக வழியில்லாமல் காலிலும் நெஞ்சிலும் தேங்கும். கழற்றுவது அப்போது அவருக்குச் செய்யும் உதவி.

தாகத்துக்கு மருந்து வாயில் இருக்கிறது. பஞ்சை நனைத்து நாக்கையும் உட்கன்னத்தையும் துடைத்து, உதட்டில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசினால் போதும். மணித்தியாலத்துக்கு ஒருதரம் செய்யலாம். கஞ்சிக் கரண்டியோடு நிற்கும் தாயிடம் நான் இந்தப் பஞ்சைக் கொடுத்துவிடுவேன். அவவின் கைக்கும் ஒரு வேலை வேண்டும்.

மூச்சும் சத்தமும்

கடைசி ஓரிரண்டு நாளில் மூச்சு ஒரு சீரில் இராது. வேகமாக ஏறும், இறங்கும், அரை நிமிடம் நின்றேவிடும், பிறகு திரும்பத் தொடங்கும். கையும் காலும் குளிரும். தோலில் ஊதாப் படை படையாகத் தெரியும், இரத்தம் நடு உடம்புக்குள் ஒதுங்குவதால். தொண்டையில் ‘கர கர’ என்று ஒரு சத்தம் வரும். அதைத்தான் ‘சேடம் இழுக்குது’ என்பார்கள்.

இளநீர் முடியும்போது உறிஞ்சு குழாயில் எழும் சத்தத்தை நினையுங்கள். கொஞ்சத் தண்ணீர்தான், காற்று போகும்போது பெரிதாகக் கேட்கிறது. விழுங்க மறந்த உமிழ்நீர் தொண்டையில் நின்று அப்படிச் சத்தம் போடுகிறது. அந்த நேரம் அவர் பெரும்பாலும் ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பார். குறட்டை மாதிரி, அவதி கேட்பவருக்கு. பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்தால் பாதி குறையும், மருந்தும் உண்டு. குழாய் விட்டு உறிஞ்சி எடுக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், அந்தக் குழாய்தான் நோகும்.

நினைவோடு இருப்பவருக்கு மூச்சுத் திணறினால் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, யன்னலைத் திறந்து, முகத்துக்கு நேரே விசிறியைப் பிடிக்கலாம். கன்னத்தில் படும் குளிர்காற்று மூச்சுமுட்டும் உணர்வையே குறைக்கிறது. பனையோலை விசிறிக்கும் அந்தக் கெட்டித்தனம் உண்டு.

சுருக்கமாக: சாப்பாடு குறைவது, மூச்சு மாறுவது, கை குளிர்வது, சத்தம் வருவது எல்லாம் உடம்பு தன் பாட்டில் மூடிக்கொண்டு போவதன் அடையாளங்கள். யாரும் எதையோ செய்யத் தவறியதால் வந்தவை இல்லை.

கனடாவிலிருந்து மகன் வரும்வரை

‘மிஸ்ஸி, அண்ணா சனிக்கிழமைதான் வாறார். அதுவரை இழுத்துப் பிடிப்பியளோ?’ இந்தக் கேள்வி எத்தனை தரம் என்னிடம் வந்தது என்று கணக்கில்லை. இங்கே அநேகமான வீட்டில் ஒரு பிள்ளையாவது ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கிறது.

இந்த இடத்தில் கனிவு என்பது உண்மையைச் சொல்வது. எத்தனை மணிக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மாதக் கணக்கா, கிழமைக் கணக்கா, நாள் கணக்கா என்று அனுபவமுள்ளவர்கள் ஓரளவு சொல்லலாம். மாதத்துக்கு மாதம் தளர்ந்தால் மாதக் கணக்கு, நாளுக்கு நாள் தளர்ந்தால் நாள் கணக்கு. ‘நாள் கணக்குத்தான் தங்கச்சி, அண்ணாவை இண்டைக்கே வெளிக்கிடச் சொல்லுங்கோ’ என்று புதன்கிழமை சொன்னால் அவர் டிக்கெட்டை மாற்றலாம். ‘பயப்பிடாதேங்கோ, பார்ப்பம்’ என்று நான் நழுவினால் அவர் வந்து பெட்டியைத்தான் பார்ப்பார். முடிவைச் சொல்வது வைத்தியரின் பொறுப்பு என்பது சரி. ஆனால் வைத்தியர் போன பிறகு, சொன்னது விளங்கியதா என்று அந்தப் பிள்ளையின் முகத்தில் பார்ப்பது எங்கள் வேலை.

நோயாளியிடம் சொல்வதா? எங்கள் ஊரில் ‘அப்பாவுக்குத் தெரியக் கூடாது’ என்று வாசலிலேயே மறிப்பார்கள். அப்பாவோ என்னிடம் தனியாக ‘வீட்டுக்காரருக்குத் தெரியாது பிள்ளை, எனக்கு முடியப் போகுது’ என்பார். ஒரே திரையின் இரண்டு பக்கமும் நின்று இருவரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுவார்கள். நான் ‘உங்களுக்கு என்ன தெரியும் ஐயா?’ என்று கேட்பதோடு நிறுத்துவேன். அநேகமாக மிச்சத்தை அவரே சொல்வார். சிலர் கேட்கவே விரும்ப மாட்டார்கள், அதையும் விட்டுவிட வேண்டும்.

மகன் வர முடியாமலே போனால்? போனைக் காதில் வையுங்கள். வான்கூவரில் செய்து 2020 இல் வெளியான ஆய்வில், பதிலே காட்டாத நிலையில் இருந்த நோயாளிகளின் மூளை அலைகளை அளந்தார்கள். சிலரின் மூளை, சுகமாக உள்ளவர்களின் மூளையைப் போலவே சத்தத்தை உணர்ந்து காட்டியது. சொல்வது விளங்குகிறது என்று அதைக் கொண்டு நிரூபிக்க முடியாது. ஆனாலும் கட்டிலருகே நின்று காணி உறுதியைப் பற்றிக் கதைக்காமல் இருக்க அந்த அளவு சாட்சி போதும்.

பால் பருக்குதல்

சைவ வீடுகளில் காலம் கிட்டியதும் பால் பருக்குவார்கள், சிவபுராணம் படிப்பார்கள். கத்தோலிக்கர் சுவாமியாரைக் கூப்பிட்டு அவஸ்தை பூசுவிப்பார்கள். முஸ்லிம் குடும்பத்தினர் காதருகே கலிமா சொல்வார்கள். முழுவேதனையில் கடவுள் கணக்கும் உண்டு என்று மேலே சொன்னேனே, அதற்கு மருந்து இவைதான்.

சிக்கல் பாலில் வரும். விழுங்கும் சக்தி போனவரின் வாயில் கரண்டியால் ஊற்றினால் அது நெஞ்சுக்குள் போய்ப் புரையேறும். கடைசி நிமிடங்கள் இருமலிலும் திணறலிலும் கழியும். இதற்குப் பயந்து ‘வாட்டில் பால் கொடுக்கக் கூடாது’ என்று கத்திய தாதிமாரைக் கண்டிருக்கிறேன். கொடுக்காமல் போன குறை அந்த வீட்டில் முப்பத்தொன்றிலும் ஆட்டைத் திவசத்திலும் கதைக்கப்படும். ஆகவே பஞ்சு. பாலில் தோய்த்துப் பிழிந்து, மூத்த மகனின் கையில் கொடுத்து, உதட்டில் ஒற்றச் சொல்லலாம். பிறகு மற்றப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். சடங்கும் நடந்தது, ஒரு துளியும் உள்ளே போகவில்லை. திரையை இழுத்துவிட்டு, சிவபுராணத்தை மெல்லிய குரலில் படிக்கச் சொன்னால் அடுத்த கட்டிலுக்கும் தொந்தரவில்லை. பல தரம் அடுத்த கட்டில்காரரும் சேர்ந்து முணுமுணுத்ததைக் கேட்டிருக்கிறேன்.

முடிந்த பிறகும் ஒரு மணித்தியாலம்

மூச்சு நின்றதும் தாதியின் வேலை முடிந்துவிடாது. கண்ணை மூடி, நாடியை நிமிர்த்தி, ஊசி குழாய்களைக் கழற்றி, முகத்தையும் கையையும் ஈரத் துவாயால் துடைத்து, வெள்ளை விரிப்புப் போட வேண்டும். அந்த நேரமும் பெயர் சொல்லித்தான் கதைப்போம். ‘ஐயா, ஒருக்கால் சரிக்கிறம்’ என்று சொல்லித்தான் திருப்புவோம். முதன்முதலில் பார்க்கும் மாணவிகள் சிரிப்பார்கள். இரண்டாம் தரம் சிரிக்க மாட்டார்கள். வீட்டார் தொட்டு அழ விரும்பினால் விட வேண்டும். காகித வேலை பத்து நிமிடம் பிந்தினால் ஒன்றும் கெட்டுவிடாது.

எங்கள் வாட்டுகளில் தனி அறை இல்லை, கட்டிலோடு கட்டில். நடந்ததெல்லாம் பக்கத்துக் கட்டில்காரர் திரையின் மறுபக்கத்தில் கேட்டுக்கொண்டு கிடந்திருப்பார். பெரும்பாலும் அவருக்கும் அதே நோய். ஆள் போன கட்டிலை ஊழியர்கள் கழுவிக்கொண்டிருக்கையில் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார், நித்திரை மாதிரி. அடுத்ததாக நான் போவது அந்தக் கட்டிலுக்கு. ‘தேத்தண்ணி குடிச்சியளோ?’ என்று கேட்டுக் கதிரையை இழுத்துப் போடுவேன்.